பீனட் பட்டரில் சாகாத கிருமி: ராயலசீமா கடலைத் தொழிலின் முன் நிற்கும் கேள்வி

பாகாலா (திருப்பதி மாவட்டம்): காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் வரும் ரயில் பாதைகள் கூடுமிடம் பாகாலா. பழைய சித்தூர் மாவட்டத்தின் இந்தச் சந்திப்பு, 2022 ஏப்ரலில் ஆந்திரம் தன் மாவட்டங்களைப் பிரித்தமைத்தபோது திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. இங்கிருந்து தர்மாவரம் நோக்கிச் செல்லும் பாதை, மானாவாரி வேர்க்கடலையையே நம்பி வாழும் ராயலசீமாவின் ஊர்களை ஊடுருவிப் போகிறது. அவற்றுள் ஒன்றான கதிரியின் பெயரை, அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'கதிரி-6' ரகத்தின் மூலம் தமிழ்நாட்டு விவசாயிகளும் நன்கறிவர். வடாற்காட்டுத் தமிழர் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் அழைக்கும் இப்பயிர், எல்லைக்கு இருபுறமும் ஒரே மண்ணில், ஒரே மழையை எதிர்பார்த்து விளைகிறது.

எண்ணெய்க்கும் விதைக்கும் வறுகடலைக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த இந்தக் கடலைக்கு இப்போது வேறொரு சந்தை திறந்துள்ளது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவு வரை பீனட் பட்டர் பரவிவிட்டது. வறுக்கும் இயந்திரமும் அரைக்கும் இயந்திரமும் இருந்தால் சிற்றூரிலேயே தொடங்கக்கூடிய தொழில் இது. 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம், இத்தகைய முயற்சிகளுக்கு 35 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், மானியம் வழங்குகிறது. கச்சாக் கடலையாக விற்பதைவிடப் புட்டியில் அடைத்து விற்பது லாபம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்தத் தொழிலுக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. அது கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் தட்டுப்படாதது. பீனட் பட்டர், பாதாம் வெண்ணெய், எள் விழுது போன்ற கொட்டை, விதை வெண்ணெய்களில் சால்மோனெல்லா முதலான நோய்க்கிருமிகள் ஒருமுறை நுழைந்துவிட்டால், அவை மாதக்கணக்கில் அங்கேயே உயிரோடு இருக்கின்றன. உலகின் பெரிய நிறுவனங்கள் சில இதைப் பெருவிலை கொடுத்தே கற்றன.

உலர்ந்த உணவில் எப்படி?

பீனட் பட்டர் கெட்டுப்போகாத பண்டம் என்பது பொதுநம்பிக்கை. அதில் பாதி உண்மை. பாக்டீரியா பெருகுவதற்கு அது பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நீர் வேண்டும். உணவியலாளர்கள் அதனை 'நீர்ச் செயல்பாடு' என்ற அளவால் குறிக்கின்றனர். தூய நீருக்கு அது 1. சால்மோனெல்லா பெருக ஏறத்தாழ 0.94 தேவை. பீனட் பட்டரிலோ அது 0.35-க்கும் கீழே. ஆகவே அதற்குள் கிருமி பெருகாது, புளிக்காது, நுரைக்காது. இவ்வளவும் சரி.

பெருகாது என்பதால் செத்துவிடும் என்று எண்ணுவதுதான் பிழை. நீரற்ற சூழலில் கிருமி தன் இயக்கத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிறது. சுற்றிலும் உள்ள எண்ணெய் அதற்குக் கவசமாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். பீனட் பட்டரில் சால்மோனெல்லாவைக் கலந்து 24 வாரங்கள் வைத்திருந்து பார்த்தனர். எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஆனால் முற்றிலும் அழியவில்லை. 21 டிகிரி செல்சியஸில் வைத்ததைவிட, 5 டிகிரியில் குளிரூட்டி வைத்ததில்தான் கிருமிகள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. எண்ணெய் காறிப்போகாமல் காக்கும் குளிர்சாதனப் பெட்டி, கிருமியையும் சேர்த்தே காக்கிறது.

ராயலசீமாவின் கோடையில் கிடங்குகள் கொதிக்கும்போது கிருமி விரைவில் மடியாதா என்று கேட்கலாம். வெப்பம் கூடக்கூட மடிவது வேகமாகும் என்பது மெய். ஆயினும் கிடங்கின் வெக்கையை நம்பி எந்தத் தொழிலும் நடத்த முடியாது. அதற்குள் சரக்கு விற்றுத் தின்றும் தீர்ந்திருக்கும்.

அடுத்து எழும் எண்ணம், சந்தேகமிருந்தால் விழுதை மீண்டும் சூடாக்கிவிடலாமே என்பது. பாலுக்குப் பொருந்தும் இந்த வழி இங்கே பலிக்காது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, பீனட் பட்டரை 90 டிகிரியில் 50 நிமிடங்கள் வைத்தும் கிருமியின் அளவு சுமார் 1,600-இல் ஒரு பங்காகவே குறைந்தது. லட்சம் இருந்த இடத்தில் அறுபது மிஞ்சும் என்று கொள்ளலாம். ஈரமான உணவில் சால்மோனெல்லாவை 70 டிகிரிச் சூடு நொடிகளில் கொன்றுவிடும் என்பதோடு இதை ஒப்பிட்டால், எண்ணெயும் வறட்சியும் சேர்ந்து தரும் பாதுகாப்பு எத்தகையது என்பது விளங்கும். மிஞ்சிய அறுபதும் அற்பமல்ல. கொழுப்புக்குள் பொதிந்து வயிற்றுக்குள் போகும் கிருமி இரைப்பை அமிலத்திலிருந்தும் தப்பிக் குடலை எட்டுகிறது. எனவே கொழுப்பு மிகுந்த உணவுகளில் மிகச் சிறிய எண்ணிக்கையே நோயைத் தரப் போதுமாகிறது.

புட்டியின் மேல் அச்சிடப்படும் ஒன்பது மாதம், ஓராண்டு என்ற காலவரம்பு பெரும்பாலும் காறல் வாடை எப்போது வரும் என்பதைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. கிருமிக்கும் அந்தத் தேதிக்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், நீண்ட காலவரம்பே இங்கு பாதகமாகிறது: ஒருமுறை அசுத்தமான சரக்கு, ஆண்டு முழுவதும் வீடுகளின் அலமாரிகளில் இருந்தபடி நோயைத் தந்துகொண்டே இருக்கும்.

ஜார்ஜியாவில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் 1996-இல் பீனட் பட்டர் வழியாக சால்மோனெல்லா பரவியது. வறுத்த கடலையிலேயே கிருமி இருந்தது அங்கே கண்டறியப்பட்டது. அமெரிக்கா அதைத் தன் பிரச்சினையாகக் கருதவில்லை. 2007 பிப்ரவரியில், ஜார்ஜியா மாநிலத்தின் சில்வெஸ்டர் நகரில் இயங்கிய கான்அக்ரா நிறுவனத்தின் ஆலையிலிருந்து வந்த 'பீட்டர் பேன்' பீனட் பட்டர் திரும்பப் பெறப்பட்டபோதுதான் நிலைமை மாறியது. 600-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒழுகிய கூரையும் பழுதான தீயணைப்புத் தெளிப்பானும் ஆலைக்குள் ஈரத்தைக் கொண்டுவந்திருக்கலாம் என்று நிறுவனமே கூறியது. உலர்ந்த ஆலையில் உறங்கிக் கிடந்த கிருமிக்குச் சில வாளித் தண்ணீர் போதுமானதாக இருந்தது. 2016 டிசம்பரில் அந்நிறுவனத்தின் துணை அமைப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் பறிமுதலுமாக 1.12 கோடி டாலர் செலுத்தியது.

அந்தச் செய்தியின் ஈரம் காய்வதற்குள், அதே மாநிலத்தின் பிளேக்லி நகரில் இதைவிடப் பெரிய விபரீதம் நேர்ந்தது. பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், பள்ளிகள் ஆகியவற்றுக்குப் பீனட் பட்டரும், பிஸ்கட் நிறுவனங்களுக்குக் கடலை விழுதும் வழங்கிவந்தது. 2008 செப்டம்பரில் நோய் தலைகாட்டியது. 2009-இன் தொடக்கத்தில்தான் மூலம் புலப்பட்டது. 46 மாநிலங்களில் 714 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று; 9 மரணங்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. அந்த விழுதைப் பயன்படுத்திய நிறுவனங்கள் 3,900-க்கும் மேற்பட்ட பண்டங்களைத் திரும்பப் பெற்றன. பிஸ்கட், ஐஸ்கிரீம், மிட்டாய், நாய்த்தீனி என்று பட்டியல் நீண்டது.

ஆலையின் கூரை ஒழுகியது. வறுத்த கடலையும் வறுக்காத கடலையும் போதிய பிரிவின்றி வைக்கப்பட்டிருந்தன. வறுக்கும் இயந்திரம் கிருமியை உண்மையிலேயே கொல்லுகிறதா என்பதை எவரும் நிறுவியிருக்கவில்லை. இவையெல்லாம் அலட்சியம். வழக்கைக் குற்றவியல் வழக்காக்கியது வேறொன்று: சோதனையில் சால்மோனெல்லா தென்பட்ட சரக்கும் அனுப்பப்பட்டது, சோதனையே செய்யாத சரக்குக்கும் தூய்மைச் சான்று இணைக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் நிறுவனத் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 28 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு வழக்கொன்றில் அமெரிக்கா கண்ட மிகக் கடுமையான தண்டனை அது. 2011 ஜனவரியில் அந்நாடு நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டத்துக்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். ஆலை மூடப்பட்டது, நிறுவனம் திவாலானது. ஆனால் நாடெங்கும் பீனட் பட்டர் விற்பனை சரிந்தபோது அதில் அடிபட்டவர்களுள், பிளேக்லி ஆலையின் வாசலையே மிதிக்காத கடலை விவசாயிகளும் இருந்தனர்.

இது நேர்மையற்ற ஒரு முதலாளியின் கதை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 மே மாதம், அமெரிக்காவின் புகழ்பெற்ற 'ஜிஃப்' பீனட் பட்டர் திரும்பப் பெறப்பட்டது. 17 மாநிலங்களில் 21 பேர் பாதிக்கப்பட்டனர், மரணம் இல்லை. வசதிகள் மிகுந்த ஆலையில், தேர்ந்த ஆய்வகங்கள் இருந்தும் இது நேர்ந்தது. வியப்பூட்டிய தகவல் பின்னர் வந்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டனிலுள்ள அந்த ஆலையில் 2010-இல் எடுக்கப்பட்ட சுற்றுப்புற மாதிரியொன்றின் மரபணு வரிசை, 12 ஆண்டுகளுக்குப் பின் நோயாளிகளிடம் கிடைத்த கிருமியோடு பொருந்தியது. உலர்ந்த ஆலையின் ஏதோ ஓர் இடுக்கில் ஒரு கிருமிக் குடும்பம் நெடுங்காலம் குடியிருக்கக்கூடும் என்பதையே இது காட்டுகிறது.

எள்ளும் ஒரு வாயுவும்

இந்தியாவுக்கு இதில் சொந்த அனுபவமே இல்லை என்று சொல்வதற்கில்லை. அது கடலையில் வரவில்லை, எள்ளில் வந்தது. மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் உண்ணப்படும் தஹினி எனும் எள் விழுதுக்கும் அல்வாவுக்கும் இந்திய எள் பெருமளவில் போகிறது. வெள்ளை எள்ளுக்காகத் தோலுரிக்கும்போது அதை நீரில் ஊறவைத்துப் பின் உலர்த்துவது வழக்கம். உலர்ந்த பொருளை நனைத்து மீண்டும் உலர்த்தும் அந்த இடைவெளியில் கிருமி பெருக வாய்ப்பு உண்டு. சால்மோனெல்லாவைக் காரணம் காட்டி இந்திய எள்ளை ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்தது.

அதற்கு ஏற்றுமதியாளர்கள் சிலர் கண்ட குறுக்குவழி எத்திலீன் ஆக்சைடு என்ற வாயு. கிருமியை அது கொல்லும். மருத்துவக் கருவிகளைத் தூய்மைப்படுத்தவும் உதவுகிறது. ஆனால் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்பதால் உணவில் ஐரோப்பா அதை அனுமதிப்பதில்லை. 2020 செப்டம்பரில் பெல்ஜியம் முதலில் எச்சரித்தது. அடுத்த மாதமே, இந்தியாவிலிருந்து வரும் எள் சரக்குகளில் பாதியை இந்த வாயுவுக்காகச் சோதிக்க வேண்டும் என்று ஒன்றியம் விதித்தது. ரொட்டி முதல் ஐஸ்கிரீம் வரை ஆயிரக்கணக்கான பண்டங்கள் ஐரோப்பியக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இந்திய மசாலாப் பொடிகள் சிக்கிக்கொண்டதும் இதே வாயுவால்தான். வாயுவைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அந்த வாயுவை ஏன் அடிக்க நேர்ந்தது என்பது பேசப்படவில்லை. கிருமியைக் களத்திலும் ஆலையிலும் தடுக்கத் தவறியதன் விளைவே அது.

விதை வெண்ணெய்களின் ஆபத்து சால்மோனெல்லாவோடு முடிவதுமில்லை. 2017-இல் அமெரிக்காவில், கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக விற்கப்பட்ட சோயா விழுதில் ஓ157 வகை ஈ.கோலி பரவியது. பாதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேர் 18 வயதுக்குட்பட்டோர். ஒன்பது பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் நோய் ஏற்பட்டது. பாதுகாப்பான மாற்று என்று பெற்றோர் தேடி வாங்கிய பண்டம் அது.

களத்திலிருந்து வறுகலம் வரை

ராயலசீமாவின் கடலைக்குத் திரும்புவோம். மண்ணுக்குள் காய்க்கும் பயிர் இது. உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் விளைகிறது. செடியைப் பிடுங்கி வயலிலேயே காயவைக்கிறார்கள். பின் களத்திலோ சாலையோரத்திலோ பரப்புகிறார்கள். ஆடு, மாடு, கோழி, காகம் எல்லாம் நடமாடும் இடங்கள் இவை. கிடங்குக்குப் போனால் எலி. எலிக்குத் துணையாகப் பல்லி. தெலுங்கின் ஒரு வழக்கில் 'பல்லி' என்றால் வேர்க்கடலை என்பது வேடிக்கையான ஒற்றுமை, ஆனால் சுவரில் ஒட்டும் பல்லி சால்மோனெல்லாவைச் சுமக்கும் பிராணி என்பது வேடிக்கையன்று. ஆகவே ஆலைக்கு வரும் கச்சாக் கடலையில் கிருமி இருக்கக்கூடும் என்று கொண்டே தொழிலைத் தொடங்க வேண்டும். விவசாயியைக் குறைசொல்வதற்கு இதில் ஏதுமில்லை. உலகின் எந்தக் கடலை வயலும் இப்படித்தான்.

களத்தில் நடக்கும் ஒரு செயலைப் பற்றி மட்டும் வேளாண் அலுவலர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறார்கள். இயந்திரத்தில் கொடுத்து உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காய் மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கம் அது. சில வேளைகளில் எடை கூடுவதும் அதன் மறைமுக லாபம். சுமார் 8 சதவீத ஈரப்பதத்துக்குள் உலர்த்திக் கொண்டுவந்த கடலை மீண்டும் நனைகிறது. பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நச்சு உருவாகும் என்பதற்காகவே இதுவரை இவ்வழக்கம் கண்டிக்கப்பட்டது. பாக்டீரியாவுக்கும் அந்த ஈரம் விருந்துதான்.

நமது கடலைப் பாதுகாப்புப் பேச்சு முழுவதும் அஃப்ளாடாக்சினையே சுற்றி வருகிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா, இந்தியக் கடலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது அந்த நச்சால்தான். ஏற்றுமதியாளர் சோதிப்பது, வாங்குபவர் கேட்பது, ஆராய்ச்சி நிலையங்கள் ரகம் உருவாக்குவது எல்லாம் அதை நோக்கியே. கச்சாக் கடலையை ஏற்றுமதி செய்யும் வரை அந்த ஒரே கவலை போதும். வாங்குபவர் எப்படியும் வறுத்துத்தான் உண்பார். கடலை இங்கேயே புட்டிக்குள் போகும்போது கணக்கு மாறுகிறது. புட்டியைத் திறப்பவர் அதை வறுக்கப் போவதில்லை. கரண்டியால் எடுத்து நேரே வாயில் வைப்பார்.

எனவே கிருமி கொல்லப்படும் இடம் ஒன்றே ஒன்று: வறுகலம். சுமார் 160 டிகிரியில், கடலையின் ஒவ்வொரு பருப்பும் போதிய நேரம் சூடேற வேண்டும். வாசனையும் நிறமும் வந்துவிட்டால் வறுபட்டுவிட்டது என்பது சமையலறைக் கணக்கு. கலத்தின் ஓரத்தில் சிவந்தும் நடுவில் வெளுத்தும் இருக்கும் கடலை, நிறத்தால் ஏமாற்றும். எவ்வளவு கடலை கொட்டினால், எவ்வளவு வெப்பத்தில், எத்தனை நிமிடத்தில் கிருமி தேவையான அளவு மடிகிறது என்பதை அந்தந்த இயந்திரத்துக்கும் தனித்தனியே சோதித்து நிறுவ வேண்டும். பாதாமில் 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் சால்மோனெல்லா பரவியதன் பின், கலிஃபோர்னியப் பாதாம் முழுவதையும் கிருமிநீக்கம் செய்வதை 2007 செப்டம்பர் முதல் அமெரிக்கா கட்டாயமாக்கியது. பத்தாயிரத்தில் ஒன்றாகக் கிருமி குறைய வேண்டும் என்பது அங்கே அளவுகோல்.

வறுத்த பின் வருவதுதான் இன்னும் கடினமான பகுதி. வறுகலத்துக்கு அப்பால் கடலையைத் தொடும் எதுவும் கச்சாக் கடலையைத் தொட்டிருக்கக் கூடாது: ஆள், முறம், சாக்கு, செருப்பு, மின்விசிறிக் காற்று உட்பட. ஒரே கூடத்தில் ஒரு மூலையில் மூட்டை பிரித்து, மறுமூலையில் புட்டி நிரப்பும் சிறிய ஆலைகளுக்கு இது எளிதன்று. நடுவே ஒரு சுவர் எழுப்புவதற்கான செலவு, வாங்கும் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் சிறிதே. மானியத்துக்கான திட்ட மதிப்பீட்டிலேயே அந்தச் சுவரும் இடம்பெற வேண்டும்.

இன்னொரு சிக்கல் நமது பண்பாட்டோடு தொடர்புடையது. சுத்தம் என்றால் கழுவுதல் என்பதே நாம் அறிந்த இலக்கணம். வாசலைக் கழுவுகிறோம், கடையைக் கழுவிவிட்டே வியாபாரம் தொடங்குகிறோம். கடலை விழுது ஆலையில் அந்த நல்ல பழக்கமே வினையாகிறது. குழாயால் நீர் பீய்ச்சிக் கழுவும்போது, தரை விரிசலிலும் இயந்திரத்தின் அடியிலும் கிடக்கும் கடலைத் தூள் நனைகிறது, 0.35-இல் முடங்கிக் கிடந்த கிருமிக்கு உணவும் நீரும் ஒருசேரக் கிடைக்கின்றன. மறுநாள் தரை காய்ந்தபின் தூசியோடு எழுந்து புட்டியில் விழுகிறது. இத்தொழிலில் துடைப்பமும் தூரிகையும் உறிஞ்சிக் கருவியும்தான் சுத்தத்தின் கருவிகள். குழாய்களுக்குள் சூடான எண்ணெயை ஓட்டித் தூய்மை செய்யும் முறையும் உண்டு. தவிர்க்கவே முடியாமல் நீர் பயன்படுத்தினால், முழுவதும் உலர்ந்த பின்னரே இயந்திரத்தை ஓட்ட வேண்டும். ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ, பருவமழைக்கு முன் ஒழுகல் பார்ப்பது இங்கே பராமரிப்பு வேலையன்று. உணவுப் பாதுகாப்பு வேலை.

சோதனை எதைப் பிடிக்கும்?

25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா இருக்கவே கூடாது என்பது உலகெங்கும் வழங்கும் அளவுகோல். ஆனால் விற்பனைக்கு முன் சில புட்டிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று பெற்றுவிட்டால் போதும் என்ற எண்ணம் ஆபத்தானது. கிருமி விழுதில் சீராகக் கலந்திருப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். நூறு புட்டிகளில் ஒன்றில் மட்டும் கிருமி இருப்பதாகக் கொண்டு ஐந்து புட்டிகளைச் சோதித்தால், அது சிக்காமல் நழுவ 95 சதவீத வாய்ப்பு உண்டு. அறுபது புட்டிகளைச் சோதித்தாலும் பாதிக்கு மேல் தப்பிவிடும். சோதனைச் சான்றை நம்பி விழுது வாங்கிய நிறுவனங்கள்தான் 2009-இல் ஆயிரக்கணக்கான பண்டங்களைத் திரும்பப் பெற்றன. ஆலையின் தரை, வடிகால், இயந்திர அடிப்பகுதி ஆகியவற்றில் துணியால் துடைத்து எடுக்கும் மாதிரிகள், புட்டியைச் சோதிப்பதைவிட முன்னதாகவே எச்சரிக்கும்.

நோய் பரவினால் கண்டறிவோமா என்பது அடுத்த கேள்வி. கல்யாண விருந்தில் ஐம்பது பேர் ஒரே நாளில் வாந்தியெடுத்தால் நமது சுகாதாரத் துறை விரைந்து செயல்படுகிறது. 2004 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் பலமும் அத்தகைய கூட்டு நிகழ்வுகளில்தான். பீனட் பட்டர் அப்படித் தாக்குவதில்லை. இன்று வேலூரில் ஒருவர், அடுத்த வாரம் மைசூரில் ஒரு குழந்தை, இரண்டு மாதம் கழித்து நாகபுரியில் ஒரு முதியவர் என்று சிதறி வரும். 'வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று குடும்பங்கள் விட்டுவிடும். காய்ச்சல் நீடித்தால் விடால் சோதனை செய்து டைபாய்டு என்று மருந்து கொடுக்கப்படும். அமெரிக்கா 714 பேரை ஒரே நூலில் கோத்தது, நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து கிருமியைப் பிரித்து, அதன் மரபணு அடையாளத்தை நாடு முழுவதும் ஒப்பிடும் வலையமைப்பு இருந்ததால்தான். அவ்வளவு இருந்தும் மாதங்கள் பிடித்தன.

இதில் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதும் முக்கியம். திடகாத்திரமான இளைஞருக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி, நோயெதிர்ப்புக் குறைந்தவர் ஆகியோருக்கு அது உயிர்ப்பிரச்சினை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உலகெங்கும் தரப்படும் சத்து விழுதும் கடலையை அடிப்படையாகக் கொண்டதே. அதன் பாதுகாப்பை ஆராய்ந்த உலக சுகாதார அமைப்பு, உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு ஆகியவற்றின் நிபுணர்கள் சால்மோனெல்லாவையே முதன்மை அச்சமாகக் குறித்தனர். ஆந்திரத்தின் பள்ளி மதிய உணவில் வேர்க்கடலைச் சிக்கியும் இடம்பெற்றது. கொதிக்கும் வெல்லப்பாகு அதற்கு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஆயினும் பாகு ஊற்றி ஆறிய பின் அதை வெட்டும் பலகையும் பொதியும் கையும் இதே விதிகளுக்குட்பட்டவை.

வீடுகளைப் பொறுத்தவரை செய்யக்கூடியது குறைவு. புட்டிக்குள் ஈரக்கரண்டி போடாதிருப்பது ஒன்று. மற்றொன்று, விழுதையோ கடலைப் பொடியையோ தண்ணீரோ பாலோ தயிரோ சேர்த்துக் கரைத்த கணத்தில் அது உலர்ந்த பண்டமாக இருப்பதில்லை என்பதை நினைவில் வைப்பது. அதுவரை முடங்கியிருந்த கிருமி பெருகத் தொடங்க அந்த ஈரம் போதும். கடலைச் சட்னியை அரைத்து வெயில் நாளில் மாலை வரை வெளியே வைக்கக் கூடாது என்று பாட்டிமார் சொன்னது, ஊசிப்போகும் என்பதற்காக. ஊசிப்போன வாடை வருவதற்கு முன்னரே ஆபத்து வரலாம்.

மற்றபடி பொறுப்பு ஆலையிலும், ஆலைக்கு உரிமம் தருவோரிடமும் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் உரிம விதிகளின்படி, ஆண்டு விற்றுமுதல் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட உணவுத் தொழிலுக்கு எளிய பதிவே போதுமானது: புகைப்படம், அடையாளச் சான்று, சுகாதார விதிகளைப் பின்பற்றுவதாக ஓர் உறுதிமொழி. ஊறுகாய், அப்பளம், முறுக்கு போடுவோரை அலுவலகங்களுக்கு அலையவிடாத நல்ல நோக்கம் கொண்ட ஏற்பாடு அது. அதைக் கடுமையாக்குவதால் பயனில்லை. ஆனால் கடலை விழுது, எள் விழுது, பாதாம் விழுது ஆகியவற்றை ஊறுகாயோடு ஒரே வரிசையில் வைப்பது பொருந்தாது. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் கிருமியோடு போராடுகின்றன. இங்கே வறுகலத்தைத் தவிர வேறெதுவும் போராடுவதில்லை.

பெரிய உற்பத்தியாளர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ஆலையில் பயன்படும் நீர் குடிக்கத் தகுந்தது என்ற பரிசோதனை அறிக்கையை இணைக்க வேண்டும். பெரும்பாலான உணவுத் தொழில்களுக்கு அது சரியான கேள்வி. கடலை விழுது ஆலைக்கு வரும் அலுவலர் கேட்க வேண்டியவை வேறு: வறுகலத்தில் வெப்பமானி எங்கே இருக்கிறது, நேற்றைய ஒவ்வொரு ஈட்டுக்கும் அது எவ்வளவு காட்டியது, யார் குறித்துவைத்தார், கடைசியாகக் கூரை ஒழுகியது எப்போது.